மூன்று விரல் சாய்வு

மஸ்கட்டில் பத்தொன்பது வருடம்
பிறர் கைகளில் நரம்பு தேடி ஊசி ஏற்றியவள்.
தோலுக்குக் கீழே எது எங்கே ஓடுகிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
கருங்கல் வீட்டுப் பின்புறத்தில்
முதல் கொத்திலேயே
பஞ்சாயத்துக் குழாயை உடைத்தேன்.

பீச்சியடித்ததில் நான், மம்பட்டி,
கொடியில் கிடந்த துணி எல்லாம் நனைந்தோம்.
"குளம் வெட்டதுக்கு முன்னாலயே வெள்ளம் வந்தாச்சே"
மதிலுக்கு அந்தப்பக்கம் றோஸ்லெட் சிரித்தாள்.
மத்தியானம் அவள் வீட்டுக் குழாயில்
காற்று மட்டும் வந்தபோது சிரிக்கவில்லை.

ஒரு ஆம்பலுக்காகத்தான் இதெல்லாம்.
திங்கள்சந்தையில்
பெயின்ட் வாளியோடு எழுபது ரூபாய்.
விரிய இடமில்லாமல் இலைமேல் இலை ஏறி
எங்கள் பழைய ஹாஸ்டல் அறைபோல இருந்தது வாளி.

இரண்டாம் நாள் இடம் மாற்றினேன்.
அயினி மரத்து வேர்.
மூன்றாம் நாள் அரையடிக்குக் கீழே செம்பாறை;
கம்பிப்பாரை தெறித்துத் திரும்பி
கட்டைவிரல் நகத்தை எடுத்துக்கொண்டது.
ஒற்றைக் கையால் நானே கட்டுப் போட்டேன்.
"ஜே.சி.பி.க்கு ஒரு மணிக்கூர் வேலை" என்றார் இவர்.
காசு இருக்கிறது.
ஏன் கையால்தான் வேண்டுமென்று சொல்லத் தெரியவில்லை.
கையுறைக்குள்ளேயே கிடந்த கைகள்
என்பதாக இருக்கலாம்.

மரச்சீனி பிடுங்கிய இடத்தில்
மண் இளகிக் கொடுத்தது.
ஆறடிக்கு மூன்றடி, நூல் பிடித்து வெட்டினேன்.
சாயங்காலம் பால்காரர் தாசையன் எட்டிப் பார்த்தார்.
தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு
மெதுவாகக் கேட்டார்:
"ஆருக்கு?"
அன்றிரவு இரண்டு மைனிமார் போன் செய்தார்கள்.
"உயிரோடதான் இருக்கேன்" என்று
இரண்டு பேருக்கும் இவரே பதில் சொன்னார்.

மறுநாள் ஓரங்களை வளைத்தேன்.
கிட்னி வடிவம் என்றேன் நான்.
கொல்லாங்கொட்டை என்றாள் றோஸ்லெட்.

மண்ணை எங்கே போடுவதென்று யோசிக்கவே இல்லை.
குழி முழங்கால் அளவு, குவியல் இடுப்பளவு.
உள்ளே இருந்தவரை
எப்படித்தான் இவ்வளவு ஒடுங்கிக் கிடந்ததோ.
யாரோ போட்டுக்கொடுத்து
மண் கடத்தலென்று வி.ஏ.ஓ. பைக்கில் வந்தார்.
குழியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.
டீ குடித்தார்.
போகும்போது
ஆம்பலில் ஒரு தை கிடைக்குமா என்று கேட்டார்.

நீலத் தார்ப்பாய் விரித்த அன்றே ஐப்பசி மழை.
ராத்திரி கரண்டும் போனது.
கொயர் பயிற்சி முடிந்து
குறுக்குவழியில் வந்த இவர்
"கர்த்தாவே" என்றது பாட்டில் வருவதுபோல் இல்லை.
டார்ச் அடித்தேன்.
ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
கலங்கலுக்குள் உட்கார்ந்திருந்தார்.
கணுக்காலைத் தொட்டுப் பார்த்தேன். சுளுக்குத்தான்.
முதலில் சிரித்தது யார் என்பதில்
இன்றுவரை தகராறு.

மழை விட்ட காலையில்தான் தெரிந்தது,
வடக்குக் கரை மூன்று விரல் உயரம்.
தண்ணீர் மட்டமாகத்தான் நின்றது;
சாய்ந்திருந்தது நான் வெட்டிய குளம்.
சலைன் பாட்டில் தொங்கும் உயரத்தைக்
கண்ணாலேயே அளந்தவள் நான்.
தெற்கே வழிந்து
றோஸ்லெட்டின் வாழை மூட்டுக்குப் போகிறது.
(இப்போது குழாய்ப் பேச்சை அவள் எடுப்பதில்லை.)
வடக்கே, சேலைக்குக் கீழ் உள்பாவாடை தெரிகிறமாதிரி
தார்ப்பாய் தெரிகிறது.

"சவத்த மூடிரு, அடுத்த வருசம் பாப்போம்"
காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு சொல்கிறார் இவர்.
மூடலாம்தான்.
குவியல்மேல் யாரும் நடாத பூசணி ஒன்று
கொடி வீசி, பூவும் விட்டுவிட்டது.
இனி அதிலிருந்து ஒரு சட்டி மண் எடுக்க முடியாது.

நேற்றிலிருந்து
அந்த மூன்று விரல் நீலத்தில் ஒரு தவளை
தன் வீடுபோல உட்கார்ந்திருக்கிறது.
ஆம்பல் இன்னும் வாளியில்தான்.
கலங்கல் தெளியட்டும்.